ட்ரோனில் டைம்லேப்ஸ், ஹைப்பர்லேப்ஸ்: முதல் பத்து விநாடிக்கு ஒரு வழிகாட்டி

புதிதாக ஹைப்பர்லேப்ஸ் எடுப்பவர்கள் பெரும்பாலும் ட்ரோனை மேலே ஏற்றிய பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். எந்தப் பக்கம் நகர்த்தலாம், எவ்வளவு வேகம் வைக்கலாம், எத்தனை படம் வேண்டும் என்று திரையைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியில் நான்கைந்து நிமிடம் கரைந்துவிடும். மீதி நேரத்தில் எடுத்தது ஆறு விநாடி வீடியோவாக வந்து நிற்கும். சாதாரண வீடியோவில் பத்து விநாடி வேண்டுமென்றால் பத்து விநாடி பறந்தால் போதும். இதில் பத்து விநாடிக்குப் பன்னிரண்டு நிமிடம் பறக்க வேண்டும். அதனால் முக்கால்வாசி வேலை தரையிலேயே, ஒரு துண்டுச் சீட்டில் முடிந்திருக்க வேண்டும்.

இரண்டு பெயர்களையும் முதலில் பிரித்துக்கொள்வோம். ட்ரோன் ஓரிடத்தில் அசையாமல் நின்று, சீரான இடைவெளியில் படம் எடுத்து, அவற்றைக் கோத்து வீடியோ ஆக்கினால் டைம்லேப்ஸ். படத்துக்குப் படம் ட்ரோன் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருந்தால் ஹைப்பர்லேப்ஸ். மேகமும் வண்டிகளும் ஓடுவது இரண்டிலும் உண்டு. ஹைப்பர்லேப்ஸில் பார்ப்பவரும் சேர்ந்து ஓடுவதுபோல இருக்கும்.

எந்த ட்ரோனில் முடியும்?

டிஜேஐ என்ற ட்ரோன் நிறுவனத்தின் மேவிக் 2, மேவிக் 3, ஏர் 2, ஏர் 2எஸ், ஏர் 3, மினி 3 ப்ரோ, மினி 4 ப்ரோ ஆகியவற்றில் ஹைப்பர்லேப்ஸ் தனி முறையாகவே இருக்கிறது. மினி 2, மினி 3 ஆகியவற்றில் அது இல்லை. பெயரில் 'ப்ரோ' இருக்கிறதா என்று பார்க்காமல் மினி 3 வாங்கிவிட்டு மெனுவில் தேடுபவர்கள் உண்டு.

அந்த முறை இல்லாத ட்ரோன் கையில் இருந்தாலும் வழி இருக்கிறது. 4கே, விநாடிக்கு 30 ஃப்ரேம் வீடியோவாகப் பத்து நிமிடம் தொடர்ந்து எடுங்கள். எடிட்டிங்கில் 30 மடங்கு வேகப்படுத்தினால் 20 விநாடி கிடைக்கும். விநாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவாகும் வீடியோ என்றால் பத்து நிமிடத்துக்கு சுமார் 7.5 ஜிபி இடம் பிடிக்கும். எடிட்டிங் மென்பொருளில் ஃப்ரேம் பிளெண்ட் என்ற தேர்வைப் போட்டால் பக்கத்துப் பக்கத்து ஃப்ரேம்கள் ஒன்றோடொன்று கலந்து, வண்டிகள் வெட்டி வெட்டி ஓடாமல் வழுக்கிக்கொண்டு போவதுபோல் வரும். படமாக எடுப்பதில் கிடைக்கும் தெளிவும், ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப் படத்தில்) நிறத்தைத் திருத்தும் வசதியும் இதில் கிடைக்காது. ஆனால் கற்றுக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை. ஹைப்பர்லேப்ஸ் வசதி உள்ள ட்ரோன் வைத்திருப்பவர்களும் முதல் இரண்டு மூன்று நாள் இப்படிப் பழகுவது நல்லது.

துண்டுச் சீட்டுக் கணக்கு

கணக்கைக் கடைசியிலிருந்து முன்னால் கொண்டுவர வேண்டும். உங்களுக்கு வேண்டியது 10 விநாடி வீடியோ, விநாடிக்கு 25 ஃப்ரேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 250 படம் வேண்டும். இரண்டு விநாடிக்கு ஒரு படம் என்றால் 500 விநாடி, அதாவது 8 நிமிடம் 20 விநாடி. மூன்று விநாடிக்கு ஒன்று என்றால் 750 விநாடி, 12 நிமிடம் 30 விநாடி. ஐந்து விநாடி வைத்தால் 20 நிமிடம் 50 விநாடி ஆகிவிடும். அது பல ட்ரோன்களில் ஒரு பேட்டரியின் விளிம்பு.

பெட்டியில் 34 நிமிடம் என்று போட்டிருக்கும் பேட்டரி காற்றே இல்லாத நிலையில் அளந்தது. 25 சதவீதத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டால் நடைமுறையில் 22 முதல் 24 நிமிடம்தான் கையில். மேலே ஏறிச் சட்டகம் பார்க்க நான்கு நிமிடம், திரும்பி இறங்க மூன்று நிமிடம். மீதி சுமார் 15 நிமிடத்தில் மூன்று விநாடி இடைவெளியில் 250 படம் அடங்கிவிடும். புதியவர்களுக்கு இந்த மூன்று விநாடிதான் பொருத்தமானது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: இடைவெளிக்கும் ஷட்டர் நேரத்துக்கும் (ஒரு படத்துக்காக ஒளி உள்ளே விழும் நேரம்) குறைந்தது இரண்டு விநாடி வித்தியாசம் இருக்கட்டும் என்று டிஜேஐ கையேடே சொல்கிறது. மூன்று விநாடி இடைவெளி வைத்தால் ஷட்டரை ஒரு விநாடி வரை திறந்து வைக்க இடம் கிடைக்கிறது.

அடுத்தது தூரம். விநாடிக்கு 1 மீட்டர் என்பது பார்க்க மெதுவாகத் தெரியும். 750 விநாடிக்கு அது 750 மீட்டர். சிறிய ட்ரோனை அவ்வளவு தூரத்தில் வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. விநாடிக்கு அரை மீட்டர் என்றால் 375 மீட்டர். இதுவே கண்ணுக்கு எட்டும் தூரத்தின் ஓரம்தான். இந்த 375 மீட்டரை வீடியோ பத்தே விநாடியில் கடக்கும். பார்ப்பவருக்கு அது மணிக்கு 135 கிலோமீட்டர் வேகம். ஆகவே 'ரொம்ப மெதுவாகப் போகிறதே' என்ற பயத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். கெட்டுப்போன ஹைப்பர்லேப்ஸ்களில் பெரும்பாலானவை வேகத்தால் கெட்டவை.

எதிரில் உள்ள பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும். விநாடிக்கு அரை மீட்டர், மூன்று விநாடி இடைவெளி என்றால் படத்துக்குப் படம் 1.5 மீட்டர் நகர்வு. பக்கவாட்டில் நகரும்போது 30 மீட்டரில் ஒரு தென்னை நின்றால் அது ஒவ்வொரு படத்திலும் கிட்டத்தட்ட 3 டிகிரி தாவும், கண் உறுத்தும். 100 மீட்டரில் இருந்தால் ஒரு டிகிரிக்கும் குறைவு, வழுக்கிக்கொண்டு போகும்.

இதே விதிதான் நின்ற இடத்தில் எடுக்கும் டைம்லேப்ஸுக்கும். ஜிபிஎஸ்ஸை நம்பி நிற்கும் ட்ரோன் அப்படியே ஆணி அடித்ததுபோல் நிற்பதில்லை, அரை மீட்டர் அளவுக்கு அலையும். 10 மீட்டரில் உள்ள கோபுரத்தை எடுத்தால் அந்த அரை மீட்டர், 4000 பிக்சல் அகலப் படத்தில் 160 பிக்சல் அளவுக்கு ஆட்டமாகத் தெரியும். 100 மீட்டரில் அது 16 பிக்சல், எடிட்டிங்கில் துடைத்துவிடலாம். தரையிலிருந்து 50 மீட்டருக்கு மேலே போய் எடுங்கள், பொருளிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி நில்லுங்கள் என்று கையேடு சொல்வதும் இதனால்தான். பதினைந்து என்பது மிகக் குறைந்த அளவு. அழகாக வர வேண்டுமென்றால் நூறை மனதில் வையுங்கள்.

எதை எடுப்பது

படத்தில் ஏதாவது நகர வேண்டும், ஏதாவது நிலையாகவும் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வீடியோ உயிரில்லாமல் போகும். மேகமே இல்லாத சித்திரை மாத வானத்தின் கீழ் ஒரு குன்றை ஹைப்பர்லேப்ஸ் எடுத்தால், அது சாதாரண வீடியோவை வேகமாக ஓட்டியதுபோலத்தான் இருக்கும்.

தமிழ்நாட்டில் இதற்கென்றே அமைந்த காட்சி தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குப் பக்கம் கிடைக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்காசி, செங்கோட்டைப் பக்கம் நின்று மேற்கே பாருங்கள். கேரளத்திலிருந்து ஏறி வரும் மேகம் மலை முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வழியும். கீழே இறங்க இறங்கக் காற்று சூடாவதால் பாதி வழியிலேயே கரைந்து மறையும். வெறும் கண்ணுக்கு மேகம் மலையில் படுத்துக் கிடப்பதுபோல்தான் தெரியும். மூன்று விநாடி இடைவெளியில் எடுத்துப் பார்த்தால் மலை நெடுக அருவி கொட்டும். இதற்கு ட்ரோன் நகரவே வேண்டாம். மலைப்பகுதி பெரும்பாலும் வனத்துறை எல்லைக்குள் வருவதால் காட்டுக்குள் போய்ப் பறக்கவிடக் கூடாது. வெளியே அனுமதியுள்ள வயல்வெளியிலிருந்து ஏற்றி, கேமராவை மலையை நோக்கித் திருப்பினாலே போதும்.

அதே காலத்தில் அதே ஊரில்தான் காற்றும் பலம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். 249 கிராம் ட்ரோன் எம்மாத்திரம்? மினி 4 ப்ரோ தாங்கும் காற்றின் மேல் எல்லை விநாடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்கு 38 கிலோமீட்டர் சொச்சம். அது விழாமல் பறப்பதற்கான எல்லை. நல்ல படத்துக்கான எல்லை அதில் பாதிதான். காற்று கூடினால் ட்ரோன் சாய்ந்து எதிர்த்து நிற்கும். அப்போது கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பல் தன் திருப்பும் எல்லையைத் தொட்டு, அடிவானம் கோணும். எதிர்க்காற்றில் முன்னோக்கிச் சாயும்போது இறக்கை நுனிகள் படத்தின் மேல் ஓரத்தில் தலைகாட்டும். தரையில் இலை அசையாத நேரத்திலும் நூறு மீட்டர் உயரத்தில் காற்று இருக்கும். அதனால் பாலக்காட்டுக் கணவாய், ஆரல்வாய்மொழி, செங்கோட்டைப் பகுதிகளில் அதிகாலைதான் உங்கள் நேரம். சூரியன் ஏறினால் காற்றும் ஏறும்.

அந்தப் பகுதிகளின் காற்றாலைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மூன்று விநாடிக்கு ஒரு படம் எடுக்கும்போது இறக்கை ஒவ்வொரு படத்திலும் வேறொரு கோணத்தில் நிற்கும். வீடியோவில் அது சுழலாது, துடிக்கும். காற்றாலையைத் தூரத்துப் பின்னணியாக வையுங்கள், நடுவில் வைக்காதீர்கள்.

சாலை சந்திப்பு, ஆற்றுப் பாலம், துறைமுகத்தில் வந்து போகும் படகுகள், வயலில் நகரும் மேக நிழல், மலைப்பாதையின் வளைவுகளில் இரவு விளக்குகள் எல்லாமே நன்றாக வரும். தேர்த்திருவிழா ஆசையைத் தூண்டும். ஆனால் கூட்டத்தின் தலைக்கு மேல் பன்னிரண்டு நிமிடம் ட்ரோனை நிறுத்துவது தவறு. ஒரு மோட்டார் நின்றாலும் அது யாரோ ஒருவர் தலையில்தான் விழும். விழாவுக்கு வெளியே, ஆளில்லாத இடத்துக்கு மேல் நின்று சாய்வாகப் பாருங்கள்.

அனுமதி

இந்தியாவில் ட்ரோன் விதிகள் 2021 நடைமுறையில் உள்ளன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நானோ ட்ரோனுக்கும், வணிக நோக்கமின்றிப் பறக்கும் மைக்ரோவுக்கும் பைலட் சான்றிதழ் வேண்டியதில்லை. ட்ரோனைப் பதிவு செய்து தனி அடையாள எண் பெற வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை மண்டலமாக உள்ள இடத்தில் 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான வளையத்தில் அந்த உயரம் 60 மீட்டர்தான். இன்னும் நெருங்கினால் மஞ்சள், பிறகு சிவப்பு. பல்லாவரம், ஆலந்தூர் மொட்டை மாடியிலிருந்து ஏற்றலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. சூலூர், தாம்பரம் விமானப்படைத் தளங்கள், கல்பாக்கம், கூடங்குளம் ஆகிய இடங்களின் அருகிலும் அப்படியே.

பச்சை என்று காட்டினாலும் மூன்றைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் போன்ற தொல்லியல் துறைச் சின்னங்களுக்கு அத்துறையின் அனுமதி வேண்டும். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் வனத்துறை. முக்கியப் பிரமுகர் வருகையின்போது மாவட்ட நிர்வாகம் தற்காலிகத் தடை விதிக்கும். அது செய்தித்தாளில்தான் முதலில் தெரியவரும். வேறு நாடுகளில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பாருங்கள்.

கேமரா அமைப்பு

மினுக்கல்தான் டைம்லேப்ஸின் தீராத நோய். படத்துக்குப் படம் வெளிச்சமோ நிறமோ கொஞ்சம் மாறினாலும் வீடியோவில் அது கெட்டுப்போன டியூப்லைட் மாதிரி துடிக்கும். ஒரு வெள்ளை லாரி சட்டகத்துக்குள் வந்தாலே கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைத்துவிடும். ஆகவே வெளிச்சம் மாறாத நேரத்தில் எல்லாமே கைமுறையில் இருக்கட்டும். ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 100, ஷட்டர் வேகம் பூட்டியது, வெள்ளைச் சமநிலை (வெள்ளை வெள்ளையாகத் தெரிவதற்கான நிற அமைப்பு) பகலில் 5500 கெல்வின் என்று பூட்டியது. போகஸ் மாற்றும் வசதியுள்ள ட்ரோனில் தூரத்துப் பொருளில் போகஸ் செய்து அதையும் கைமுறைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் பத்துப் படம் மங்கலாக இருக்கும், எவை என்று வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும்.

ஷட்டர் வேகத்தை எவ்வளவு வைப்பது? 1/1000 விநாடியில் எடுத்தால் ஒவ்வொரு வண்டியும் கல்லாய் உறைந்து நிற்கும். கோத்துப் பார்க்கும்போது எறும்புகள் தத்தித் தத்திப் போவதுபோல் இருக்கும். 1/4 முதல் 1 விநாடி வரை ஷட்டர் திறந்திருந்தால் வண்டிகள் கோடாக இழுபடும், ஓட்டம் சீராகும். இதற்கு என்டி ஃபில்டர் வேண்டும். என்டி 8 என்பது ஒளியை எட்டில் ஒன்றாகக் குறைக்கும், அதாவது 3 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒளி பாதியாகும்). என்டி 64 என்பது 6 ஸ்டாப், என்டி 256 என்பது 8 ஸ்டாப்.

எண்களைப் பாருங்கள். லென்ஸின் துளை எஃப் 1.7 என்று நிலையாக உள்ள மினி வகை ட்ரோனில், ஐஎஸ்ஓ 100 வைத்தால் உச்சி வெயிலுக்கு ஏறக்குறைய 1/8000 விநாடி வரும். அதை அரை விநாடி ஆக்க ஒளியை 4000 மடங்கு குறைக்க வேண்டும். எந்தச் சாதாரண ஃபில்டர் பெட்டியிலும் அது இல்லை. நடுப்பகலை விட்டுவிடுங்கள், கானல் அலையும் சேர்ந்து படத்தைக் கெடுக்கும். சூரியன் மறையும் தறுவாயில் அதே ட்ரோனுக்கு 1/1500 அளவில் வரும். என்டி 64 போட்டால் சுமார் 1/25, என்டி 256 போட்டால் சுமார் 1/6. இங்கேதான் ஓட்டம் மென்மையாகத் தொடங்குகிறது. மேகம் மட்டுமே நகரும் காட்சிக்கு ஃபில்டர் இல்லாமலே எடுக்கலாம், மேகத்தின் ஓரம் ஏற்கனவே மென்மையானதுதான்.

ஃபில்டரைத் தரையிலேயே, ட்ரோனை இயக்குவதற்கு முன்பே மாட்டுங்கள். இயங்கும்போது மாட்டினால் கிம்பல் மோட்டார் முரண்டு பிடிக்கும். ஒரு மாடலுக்கான ஃபில்டர் இன்னொன்றுக்கு ஒத்துவராது. கனம் வேறுபட்டால் கிம்பல் பிழை காட்டும்.

இன்னும் ஒன்று, இதை மறந்தால் வருந்துவீர்கள்: ஹைப்பர்லேப்ஸ் அமைப்பில் தனிப் படங்களையும் சேமிக்கும் தேர்வு உண்டு. அதை இயக்கி, முடிந்தால் ரா வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ட்ரோன் தானே கோத்த வீடியோ மட்டும் மிஞ்சும், அதில் பிறகு திருத்த அதிகம் இல்லை. 12 மெகாபிக்சல் ரா படம் ஒன்று ஏறக்குறைய 25 எம்பி. 250 படத்துக்கு 6 ஜிபிக்கு மேல். வி30 வேகமுள்ள 64 அல்லது 128 ஜிபி கார்டு தாராளம். மெதுவான கார்டு போட்டால் ரா படம் எழுதி முடிவதற்குள் அடுத்த படத்தின் நேரம் வந்துவிடும், இடைவெளி தாறுமாறாகும்.

நான்கு முறைகள்

ஃப்ரீ முறையில் ட்ரோனை நீங்களே ஓட்டுகிறீர்கள். ரிமோட்டின் குச்சியைத் தொடாமல் விட்டால் அது நின்ற இடத்தில் டைம்லேப்ஸ். முதல் முயற்சி இதுவாகவே இருக்கட்டும். குச்சியைக் கையால் பிடித்துப் பன்னிரண்டு நிமிடம் ஒரே அழுத்தத்தில் நகர்த்துவது யாராலும் ஆகாத காரியம். அதனால் நகர்வுக்கு இந்த முறை வேண்டாம்.

சர்க்கிள் முறையில் ஒரு பொருளைத் திரையில் கட்டமிட்டுக் காட்டினால் அதைச் சுற்றி வரும். 60 மீட்டர் ஆரத்தில் ஒரு முழுச் சுற்று 377 மீட்டர். விநாடிக்கு அரை மீட்டரில் நம் 750 விநாடிக்குள் கிட்டத்தட்ட ஒரு சுற்று. கேட்க நன்றாக இருந்தாலும் பத்து விநாடியில் பின்னணி முழுவதும் சுழன்றால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். ஆரத்தை 120 மீட்டராக்குங்கள், அதே நேரத்தில் பாதிச் சுற்று கிடைக்கும். அது போதும். தனியாக நிற்கும் நீர்த்தொட்டி, கலங்கரை விளக்கம், பாறைக்குன்று ஆகியவற்றை ட்ரோன் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஒரே மாதிரிக் கூரைகளுக்கு நடுவில் ஒரு வீட்டைக் காட்டினால் பாதியில் பக்கத்து வீட்டுக்குத் தாவிவிடும்.

கோர்ஸ் லாக் முறையில் போகும் திசை பூட்டப்பட்டுவிடும், கேமரா வேறு பக்கம் பார்க்கலாம். நேர்கோட்டு நகர்வுக்கு இதுவே சிறந்தது. இதில் ஒரு சின்ன உபாயம்: உங்களை விட்டு விலகிப் போகாமல், தூரத்தில் தொடங்கி உங்களை நோக்கி வரும்படி அமையுங்கள். படம் முடியும்போது பேட்டரி குறைவு, ட்ரோனும் அருகில்.

வேபாயிண்ட் முறையில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களை, ஒவ்வொன்றிலும் கேமரா எங்கே பார்க்க வேண்டும் என்பதோடு குறித்து வைக்கலாம். இடையில் ட்ரோன் தானே போகும். இந்தப் பாதையைச் சேமித்து வேறொரு நாள் திறக்கலாம் என்பதுதான் இதன் பெரிய பலம்.

பறக்கவிடும் வரிசை

1. குளிர்சாதனக் காரிலிருந்தோ மலைக்குளிரில் பையிலிருந்தோ எடுத்த ட்ரோனைப் பத்துப் பதினைந்து நிமிடம் வெளியே வையுங்கள். லென்ஸில் படியும் ஈரம் சின்னத் திரையில் தெரியாது.

2. கம்பி போட்ட கான்கிரீட் மாடி, கார் கூரை ஆகியவற்றிலிருந்து ஏற்றாதீர்கள், திசைகாட்டி குழம்பும். மண் தரையில் ஒரு பலகை போதும். செயற்கைக்கோள் எண்ணிக்கை பத்தைத் தாண்டி, வீட்டுப்புள்ளி (ட்ரோன் தானாகத் திரும்பி வர வேண்டிய இடம்) பதிவானது என்று சொன்ன பிறகே ஏற்றுங்கள்.

3. ட்ரோன் தானாகத் திரும்பும்போது பறக்கும் உயரத்தை அக்கம்பக்கத்தில் உயர்ந்து நிற்கும் செல்போன் கோபுரத்தை விட 20 மீட்டர் அதிகமாக வையுங்கள். அந்த இடத்தின் உயர வரம்பு அதற்கு இடம் தராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

4. மேலே போனதும் முதலில் முடிவுச் சட்டகத்துக்குப் போய்ப் பாருங்கள், பிறகு தொடக்கத்துக்கு வாருங்கள். தொடக்கம் அழகாக இருந்து, முடிவில் ஒரு காலி மனை மட்டும் இருந்தால் பன்னிரண்டு நிமிடம் வீண். வழியில் மின்கம்பி இருக்கிறதா என்பதும் இப்போதே தெரியும். பக்கவாட்டில் நகரும்போது பல சிறிய ட்ரோன்களுக்குத் தடை உணரும் கண் அந்தப் பக்கம் கிடையாது.

5. அடிவானத்தை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வையுங்கள். கட்டக் கோடுகளை இயக்கினால் கோணல் தெரியும். கோணினால் கிம்பல் உருட்டுத் திருத்தத்தில் சரிசெய்யுங்கள்.

6. இடைவெளி, வீடியோ நீளம், வேகம் ஆகியவற்றைச் சீட்டில் உள்ளபடி போடுங்கள். எத்தனை படம், எவ்வளவு நேரம் என்று செயலியே காட்டும். உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். தொடங்கிய பிறகு கை வைக்காதீர்கள்.

திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் ட்ரோனையும் பாருங்கள். மெதுவாக ஒரே கோட்டில் நகரும் ட்ரோனைப் பருந்து வட்டமிடும். நெருங்கினால் படத்தைக் கைவிட்டு, அனுமதித்த உயரத்துக்குள் செங்குத்தாக மேலே ஏற்றுங்கள். பறவையால் அவ்வளவு வேகமாக நேர்மேலே ஏற முடியாது. பட்டம் விடும் பகுதியில் மாஞ்சா நூலும் ஆபத்துதான்.

பேட்டரி குறைந்து ட்ரோன் தானாகத் திரும்பத் தொடங்கினால் ஹைப்பர்லேப்ஸ் நின்றுவிடும். எடுத்தவரை வீணாகாது: 25 படமாவது இருந்தால் அதை வைத்து ஒரு விநாடி வீடியோவாவது கோத்துக் கொடுக்கும்.

அந்தி நேரம்

குளிர் நாடுகளில் கோடைக்கால அந்தி வெகு நேரம் நீளும். நம்முடைய அட்சரேகையில் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்குவதால், மறைந்து 22 நிமிடம் அளவில் தெருவிளக்கு வெளிச்சமே மேலோங்கிவிடும். பொன் நிறத்திலிருந்து நீலம் வரை ஒரே பேட்டரியில் எடுக்கக் கிடைத்த வாய்ப்பு இது. ஆனால் அந்த நேரத்துக்குள் வெளிச்சம் நூறு மடங்குபோலக் குறையும், பூட்டிய ஷட்டர் உதவாது. இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் வெளிச்சத்தைத் தானியங்கிக்கு விட்டு, அளவை அரை ஸ்டாப் குறைவாக வையுங்கள். வெள்ளைச் சமநிலை பூட்டியபடியே இருக்கட்டும். நீலம் நீலமாகத் தெரிய வேண்டும். வரும் மினுக்கலை எடிட்டிங்கில் போக்கலாம். என்டி ஃபில்டர் வேண்டாம், கடைசி ஐந்து நிமிடத்தில் ஐஎஸ்ஓ ஏறிப் படம் மணல் மணலாகிவிடும். இருட்டியதும் ட்ரோனின் பார்வை உணரிகள் வேலை செய்யாது. இறங்கும் இடத்தைப் பகலிலேயே மனதில் பதியவைத்து, டார்ச் ஒன்று கையில் வைத்திருங்கள்.

இதைவிடச் சுத்தமான வழி வேபாயிண்டில் இருக்கிறது. ஒரே பாதையைச் சேமித்து, சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பு ஒருமுறை, விளக்குகள் எரிந்த பிறகு புதிய பேட்டரியில் இன்னொருமுறை பறக்கவிடுங்கள். இரண்டுக்கும் தனித்தனியாகப் பூட்டிய ஷட்டர். எடிட்டிங்கில் ஒன்றன்மேல் ஒன்றை வைத்து நடுவில் கரைத்தால் ஊர் பகலிலிருந்து இரவுக்குள் நழுவும். இரண்டு பறப்பும் அங்குலம் பிசகாமல் பொருந்தாது, தூரத்துக் காட்சி என்றால் அந்தப் பிசகு தெரியாது.

கோப்பது

ரா படங்களை லைட்ரூமிலோ, இலவசமான டார்க்டேபிளிலோ திறந்து, நடுவில் உள்ள ஒரு படத்தைத் திருத்தி, அதே திருத்தத்தை எல்லாவற்றுக்கும் ஒட்டுங்கள். வெளிச்சம் மாறிக்கொண்டே போகும் அந்திப் படங்களுக்கு எல்ஆர்டைம்லேப்ஸ் என்ற மென்பொருள் இருக்கிறது. முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் திருத்தம் சொன்னால் இடையில் உள்ளவற்றை அது படிப்படியாக மாற்றிக்கொடுக்கும், மினுக்கலையும் போக்கும்.

பிறகு ஜேபெக் ஆக்கி டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் ஏற்றுங்கள். இலவசப் பதிப்பே போதும். படங்களை ஏற்றுவதற்கு முன்பே திட்டத்தின் ஃப்ரேம் வேகத்தை 25 என்று வையுங்கள், பிறகு மாற்றுவது தொல்லை. தனித்தனிப் படமாக ஏற்றாமல் வரிசையாக ஏற்றும் தேர்வைப் போட்டால் 250 படமும் ஒரே கிளிப்பாக வந்து அமரும். இரண்டு மூன்று கிளிப்பாக உடைந்து வந்தால் நடுவில் ஒரு எண் விடுபட்டிருக்கிறது என்று பொருள். சட்டகத்துக்குள் காகம் புகுந்த படத்தை நீக்கிவிட்டீர்கள் அல்லவா, அதுதான். நீக்காதீர்கள். அதற்கு முந்தைய படத்தின் நகலை அந்த எண்ணிலேயே வையுங்கள்.

கடைசி வேலை ஆட்டத்தை நிலைப்படுத்துவது. நிலைப்படுத்தும் கருவி படத்தை உள்நோக்கி வெட்டித்தான் ஆட்டத்தை மறைக்கிறது. 4000 பிக்சல் அகலப் படத்திலிருந்து 3840 பிக்சல் அகலமுள்ள 4கே வீடியோ எடுத்தால் பக்கவாட்டில் வெட்ட மிஞ்சுவது 160 பிக்சல், நான்கே சதவீதம். கொஞ்சம் காற்றடித்த நாள் என்றால் போதாது, ஓரத்தில் கறுப்புக் கோடு எட்டிப் பார்க்கும். 1080பி வீடியோவாக வெளியிட்டால் படம் வீடியோவைவிட இரண்டு மடங்கு அகலம், வெட்டத் தாராளமாக இடம் கிடைக்கிறது. கைபேசித் திரையில் பார்ப்பவருக்கு வித்தியாசமும் தெரியாது. முதல் பத்துக் காட்சிகளை 1080பியிலேயே முடியுங்கள். நிலைப்படுத்தலின் அளவை முழுவதும் ஏற்றாமல் பாதியில் தொடங்கிப் பாருங்கள். அதிகம் ஏற்றினால் கட்டடங்கள் ஜவ்வு மிட்டாய்போல் நெளியும். அதற்குப் பேசாமல் காற்று அடங்கிய ஒரு காலையில் திரும்பப் போய் எடுத்துவிடலாம். சீட்டில் கணக்கு அப்படியே இருக்கிறது, பாதையும் சேமித்திருக்கிறது.